நார்க்கழிவு, இறால் ஓடு, வாழைநார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாவர, விலங்குக் கழிவுகளிலிருந்து பயனுள்ள பொருள்களைச் செய்வது பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து ஏழு கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சூழலுக்கு உகந்ததாகிவிடும் என்ற எண்ணம் பெரும்பாலான கடிதங்களில் தெரிகிறது. அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதைச் செய்ய எவ்வளவு நீரும் எரிபொருளும் செலவாகின்றன, என்ன சேர்க்கிறார்கள், பயன்படுத்திய பிறகு அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதையெல்லாம் பார்த்த பிறகே முடிவு சொல்ல முடியும்.

கேள்வி: பக்கத்து நார் ஆலையில் நார்க்கழிவை இலவசமாகவே தருகிறார்கள். மண்ணில் ஈரம் தங்கும் என்று நம்பிப் புதிதாக நட்ட வாழைக் கன்றுகளைச் சுற்றிக் கொத்திக் கலந்துவிட்டோம். சில வாரங்களில் இலைகள் வெளிறி மஞ்சளாகிவிட்டன. நார்க்கழிவு நல்லதா, கெட்டதா? (விவசாயி, ஆனைமலை)

பதில்: பொருள் நல்லதுதான், மக்க வைக்காமல் மண்ணில் கலந்ததுதான் தவறு. தேங்காய் மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுக்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ நார்க்கழிவு உதிர்கிறது. பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் அது மலைபோல் குவிந்து கிடந்ததையும், மழைக்காலத்தில் அதிலிருந்து வடிந்த செந்நீர் கிணறுகளில் இறங்கியதையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் மட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளான டானினிலிருந்து வருகிறது.

பச்சையான நார்க்கழிவில் கரிமச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதம் 112:1 அளவில் இருக்கிறது. இதை மண்ணில் கலந்தவுடன் அதைத் தின்னத் தொடங்கும் நுண்ணுயிர்கள், தங்கள் உடல் வளர்ச்சிக்கு வேண்டிய தழைச்சத்தை நார்க்கழிவில் காணாமல், மண்ணில் பயிருக்கென்று இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் கன்றுகள் மஞ்சளானதற்கு இந்தப் பசியே முதன்மைக் காரணமாக இருக்க வேண்டும். மட்டையை உப்பு நீரில் ஊற வைத்திருந்தால் உப்பும் சேர்ந்து வேரைத் தாக்கியிருக்கும். இப்போதைக்குக் கன்றின் அடியிலிருந்து நார்க்கழிவை இயன்றவரை விலக்கி, நன்கு மக்கிய தொழுவுரமும் சிறிது தழைச்சத்தும் கொடுத்தால் கன்றுகள் தேறிவிடும்.

அடுத்து, மீதியை மக்க வைக்கும் முறை. நார்க்கழிவில் ஏறத்தாழ 30 விழுக்காடு லிக்னின் இருக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் இந்தப் பொருளைச் சாதாரண பாக்டீரியாக்களால் எளிதில் சிதைக்க முடியாது. பட்டுப்போன மரத்தில் முளைக்கும் சிப்பிக் காளானுக்கு அது கைவந்த வேலை. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்த முறை இந்தக் காளானை நம்பியே அமைந்தது. ஒரு டன் நார்க்கழிவுக்கு ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்தும் ஐந்து கிலோ யூரியாவும் போதும். மர நிழலில், தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில், ஐந்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் முதலில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி அதன் மேல் ஒரு புட்டி வித்தைத் தூவ வேண்டும். அதற்கு மேல் மற்றொரு 100 கிலோவைப் பரப்பி அதன் மேல் ஒரு கிலோ யூரியாவைத் தூவ வேண்டும். இப்படி வித்தும் யூரியாவும் மாறி மாறி வருமாறு ஒரு மீட்டர் உயரம் வரை அடுக்கிக்கொண்டே போகலாம்.

பலர் கோட்டை விடுவது ஈரத்தில்தான். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைக் குடித்துவிட்டு, வெளியே காய்ந்ததுபோல் காட்டும். அதைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றினால் குவியலின் அடியில் காற்று புகாமல் காளான் மூச்சுத் திணறிச் செத்துவிடும். குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் கசிந்தால் போதும், ஒழுகி ஓடினால் அதிகம், உள்ளங்கை நனையாவிட்டால் குறைவு. முதல் சில நாள்களில் வெண்ணிற இழைகள் பஞ்சுபோல் ஓடத் தொடங்குவது நல்ல அடையாளம். ஒன்று முதல் இரண்டு மாதங்களில் குவியல் ஏறத்தாழப் பாதியாக இறங்கி, நிறம் கறுத்து, மண்வாசனை வரும். அப்போது கரிம, தழைச்சத்து விகிதம் 24:1 அளவுக்கு இறங்கியிருக்கும். யூரியா வேண்டாம் என்பவர்கள் கோழி எருவையோ சாணக் கரைசலையோ பயன்படுத்தலாம். நாள் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

மக்க வைக்காமல், கழுவி அழுத்திக் கட்டிகளாக ஏற்றுமதி செய்யும் கோகோ பீட் தொழில் வேறு வகை. ஐரோப்பாவில் சதுப்புநிலங்களை வெட்டி எடுக்கும் பீட் மண்ணுக்கு அது மாற்றாக இருப்பதால் அதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் உப்பைப் போக்கக் கழுவிய நீரை அப்படியே நிலத்தில் விட்டால், வெளிநாட்டுத் தோட்டத்துக்கு நன்மையும் நம் ஊர்க் கிணற்றுக்குக் கேடும் செய்தவர்களாவோம். கழுவும் நீரைத் தொட்டியில் பிடித்துத் திரும்பப் பயன்படுத்தாத ஆலையின் கட்டியைச் சூழல் நட்புப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் இறால் தோல் உரிக்கும் கூடங்களிலிருந்து ஓடும் தலையும் நாள்தோறும் கொட்டப்படுகின்றன. இதிலிருந்து கைட்டோசன் எடுத்தால் நல்ல விலை என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா? (கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: வீட்டில் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான பதில். காரணத்தை விளக்கிவிடுகிறேன்.

உலர்ந்த இறால் ஓட்டில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு, ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்னும் பொருள்; மற்றவை பெரும்பாலும் சுண்ணாம்பும் புரதமும். கைட்டின் பூச்சிகளின் ஓட்டிலும் காளானின் செல் சுவரிலும் கூட உண்டு; 1811இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிராக்கனோ இதை முதலில் பிரித்தெடுத்தது காளானிலிருந்துதான். இறால் ஓட்டிலிருந்து இதைப் பிரிக்க, சுண்ணாம்பைக் கரைப்பதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும், புரதத்தை நீக்குவதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடு என்னும் காரமும் வேண்டும். கிடைத்த கைட்டினைக் கைட்டோசனாக மாற்றுவதற்கு 40 முதல் 50 விழுக்காடு செறிவுள்ள காரத்தில் நீரின் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் வேக வைக்க வேண்டும். அந்தக் கரைசல் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போய்விடக்கூடும். ஒவ்வொரு கட்டத்திலும் நடுநிலை வரும்வரை கழுவ வேண்டியிருப்பதால் கழிவுநீர் ஏராளமாக வரும். அதைச் சுத்திகரிக்க வசதியில்லாத இடத்தில் கைட்டோசன் எடுப்பது, நாற்றமடிக்கும் கழிவை நாற்றமில்லாத நஞ்சாக மாற்றுவதில் முடியும்.

இத்தனை பாடுபட்டு அதை எடுப்பதற்கும் தக்க காரணம் இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து அமைந்த இயற்கைப் பலபடிப் பொருள்கள் பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாதவை அல்லது எதிர் மின்னேற்றம் கொண்டவை. அவற்றுக்கு மாறாக, அமிலத் தன்மையுள்ள நீரில் கைட்டோசன் நேர் மின்னேற்றம் பெறுகிறது. கலங்கிய நீரில் மிதக்கும் நுண்துகள்கள் எதிர் மின்னேற்றம் கொண்டவை என்பதால், கைட்டோசன் அவற்றைத் திரட்டி அடியில் இறக்கிவிடுகிறது. இரத்தச் சிவப்பணுக்களின் மேற்பரப்பும் அத்தகையதே. இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிகளில் கைட்டோசனைச் சேர்ப்பது அதனால்தான். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கைட்டோசன் இருந்தால் ஒரு சிட்டிகை எடுத்து வெறும் நீரில் போட்டுப் பாருங்கள், கரையாது. கொஞ்சம் வினிகரை ஊற்றிக் கலக்கினால் மெல்லக் கரைந்து கஞ்சிபோல் குழகுழப்பாகும்.

தொழிலாகச் செய்ய விரும்பினால் கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். இந்தத் துறையில் நெடுங்காலமாக உழைத்துவரும் நிறுவனம் அது. சிறிய அளவில் செய்யக்கூடியது வேறொன்று உண்டு. ஓடுகளை அன்றன்றே உப்பு போக அலசி, வெயிலில் சருகாகக் காயவைத்துப் பொடித்து மக்கு உரத்தில் சேர்க்கலாம். கைட்டின் மண்ணில் சேரும்போது அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. நூற்புழுக்களின் முட்டை ஓட்டிலும் பல பூஞ்சைகளின் செல் சுவரிலும் கைட்டின் இருப்பதால் அவையும் அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. ஓடு சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும் என்பதால், அன்றைய ஓட்டை அன்றே காயவைக்க வழியிருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கேள்வி: மகள் திருமண விருந்துக்குப் பாக்கு மட்டைத் தட்டு வாங்குவதா, கரும்புச் சக்கைத் தட்டு வாங்குவதா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: இரண்டும் வேண்டாம், வாழை இலை கிடைக்கும் ஊரில் வாழை இலையே போடுங்கள். அது கிடைக்காத இடத்தில் மந்தாரை இலையில் தைத்த தையல் இலை நன்று.

இப்படிச் சொல்வது பாக்கு மட்டைத் தட்டு செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு வருத்தம் தரும் என்பதை அறிவேன். தானாக உதிர்ந்த மட்டையை நீரில் கழுவி, சூடான அச்சில் அழுத்தி, பசையோ பூச்சோ சேர்க்காமல் செய்யும் அந்தத் தட்டைப் பல ஆண்டுகளாகப் பலரும் பரிந்துரைத்தோம். ஆனால் 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைப் பாத்திரங்களின் விற்பனையை நிறுத்தும்படி வணிகர்களுக்கு அறிவித்தது. பாக்கு மரத்தில் இயற்கையாக உள்ள ஆல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் தட்டிலிருந்து உணவுக்குள் இறங்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அவற்றுள் ஒன்றான அரிகோலினைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் உலக நல அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையும் வைத்திருக்கிறது. ஒரு வேளை விருந்தில் எவருக்கும் கேடு நேர்ந்துவிடாது; ஆனாலும் சூடான சாம்பாரையும் புளிப்பான ரசத்தையும் அதில் ஊற்றி நாள்தோறும் உண்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தயாரிப்பாளர்கள் தங்கள் தட்டுகளை உணவுச் சோதனைக் கூடங்களில் சோதித்து முடிவை வெளியிடுவது அவர்கள் தொழிலைக் காக்கும். அதுவரை அந்த மட்டையை நாற்றுத் தொட்டி, பெட்டி போன்ற உணவு தொடாத பொருள்களாக்கலாம்.

கரும்புச் சக்கைத் தட்டு வாங்கியே ஆக வேண்டுமென்றால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். எண்ணெயும் நீரும் ஊறாமலிருக்கப் புளோரின் சேர்ந்த பிஎஃப்ஏஎஸ் வகை வேதிப்பொருள்களைச் சில தயாரிப்பாளர்கள் கூழில் கலப்பதுண்டு; மண்ணில் தட்டு மக்கிப்போன பிறகும் அவை மக்காமல் தங்கிவிடும். அவை இல்லை என்பதற்குச் சோதனைச் சான்று தருபவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: கரும்புச் சக்கையில் காகிதம் செய்வது மரங்களைக் காக்கிறது என்று பாடத்தில் படித்தேன். சக்கையை முன்பு என்ன செய்தார்கள்? (பள்ளி மாணவர், கரூர்)

பதில்: நல்ல கேள்வி, பாடநூல்கள் விட்டுவிடும் பகுதி இது. முன்பு எரித்தார்கள். கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாக வரும். சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் இட்டுத் தங்களுக்கு வேண்டிய நீராவியைப் பெற்றன. ஆகவே அது எவருக்கும் வேண்டாத பொருளாக இருந்ததில்லை. 1979இல் தமிழக அரசு தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், 1984இல் உங்கள் மாவட்டத்துப் புகளூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, சக்கையைப் பெறுவதற்காகச் சர்க்கரை ஆலைகளுக்கு நிலக்கரி போன்ற மாற்று எரிபொருளை ஏற்பாடு செய்து தர வேண்டியிருந்தது. மரம் மிச்சமானது உண்மை. அதற்கு ஈடாக வேறிடத்தில் நிலக்கரி எரிந்ததும் உண்மை. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்ப்பதுதான் நேர்மை. அப்படிப் பார்த்தாலும், மரக்கூழுக்காகக் காடுகளை நம்பியிருந்த காலத்தில் அது துணிவான, சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

சக்கை முழுவதும் காகிதமாவதில்லை. கரும்பின் உள்ளிருக்கும் மெத்தென்ற சோற்றுப்பகுதியில் நார் இல்லாததால், அதைப் பிரித்து நீக்கிவிட்டே கூழ் காய்ச்சுகிறார்கள். நீக்காவிட்டால் அது வேதிப்பொருள்களை வீணாகக் குடித்துவிடும். தாளாகும்போது நீரும் வடியாது. பிரித்த பகுதி மீண்டும் கொதிகலனுக்கே எரிபொருளாகப் போகிறது.

கேள்வி: அன்னாசி இலையிலும் தேங்காய் நீரிலும் "வீகன் லெதர்" வந்துவிட்டது, இனி ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் எதற்கு என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். தோல் தொழிலில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். என்ன பதில் சொல்வது? (வாசகர், வாணியம்பாடி)

பதில்: இரு பக்கமும் குறை உண்டு என்று சொல்லுங்கள். உயிரைக் கொன்று பெற்ற பொருள் வேண்டாம் என்பவரின் கொள்கையை நான் மதிக்கிறேன். அது வேறு கேள்வி. சூழல் என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால், தாவரத் தோல் என்று விற்பனைக்கு வருபவற்றுள் பலவும் நாரோடு வேறு பிசின் இழைகளைக் கலந்து, நீர் புகாமலும் உழைப்பதற்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் பூச்சிட்டவையே. அறுவடைக்குப் பின் வீணாகும் அன்னாசி இலையிலிருந்து நார் எடுப்பதும், தேங்காய் நீரில் பாக்டீரியாவை வளர்த்துச் செல்லுலோஸ் படலம் பெறுவதும் உண்மையிலேயே அழகான தொழில்நுட்பங்கள். ஆனால் அந்தப் பூச்சுக்கு மக்கும் மாற்று வந்தால்தான் அவை முழுமை பெறும்.

மறுபக்கம், இறைச்சிக்காக வெட்டிய கால்நடையின் தோலை மண்ணில் அழுகவிடாமல் செருப்பாகவும் பையாகவும் ஆக்கிய உங்கள் தொழிலே கழிவைப் பொருளாக்கும் மிகப் பழைய தொழில்களில் ஒன்று. குறை எங்கே என்றால், ஒரு டன் பச்சைத் தோலிலிருந்து 200 முதல் 250 கிலோ தோல்தான் சரக்காக வெளிவருகிறது. மீதியில் சவ்வும் வெட்டுத் துண்டுகளும் ஜெலட்டினாகவும் வச்சிரமாகவும் மாறினால் நன்மை. பதனிடுவதற்காகக் குரோமியம் ஏற்றிய பின் சீவி எடுக்கும் தூளைத் தோல் அட்டையாக அழுத்திப் பயன்படுத்தலாம். குப்பையோடு குப்பையாகக் கொளுத்தினால் அதிலுள்ள குரோமியம் மிகக் கொடிய ஆறிணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்ட பழைய முறையைச் சிறிய அளவிலேனும் மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கு வழிகாட்டல் கிடைக்கும்.

கேள்வி: முட்டை ஓட்டை நசுக்கித் தக்காளிச் செடிக்குப் போடுகிறேன். சுண்ணாம்புச் சத்து சேருமா? (இல்லத்தரசி, நாமக்கல்)

பதில்: ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட் இருப்பது உண்மைதான். ஆனால் கையால் நசுக்கிய துண்டுகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும். காயவைத்து மிக்சியில் மாவாக அரைத்துப் போட்டால் புளிப்பு மண்ணில் பயன் தரும். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு வேண்டாம். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது பெரும்பாலும் நீரை ஒழுங்காக ஊற்றாததால் வருவது.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். வாழை வெட்டிய தோட்டங்களில் மரங்கள் சும்மா அழுகுகின்றன. நார் எடுக்கும் இயந்திரம் வாங்கக் கடன் வாங்கலாமா? (குழுத் தலைவி, லால்குடி)

பதில்: கடன் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாழை மரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். நூறு கிலோ பட்டையை இயந்திரத்தில் கொடுத்தால் கையில் நிற்கும் உலர்ந்த நார் ஏறத்தாழ ஒரு கிலோ. பூத்தொடுக்க நாம் பட்டையை உரித்துக் கிழித்துக் காயவைக்கும் நாரைப் போல் அல்லாமல், இது சதையெல்லாம் நீங்கிய, பட்டுபோல் மினுங்கும் இழை. சுழலும் உருளையின் தகடுகள் பட்டையைச் சுரண்டிச் சதையை வெளியே தள்ளும். பட்டையைப் பாதி வரை உள்ளே விட்டு வெளியே இழுத்து, பிறகு மறு முனையைக் கொடுக்க வேண்டும். கவனம் சிதறினால் விரலும் உள்ளே போய்விடும் என்பதால், கை எட்டாத அளவுக்கு வாய் நீண்ட, மூடியிட்ட இயந்திரத்தையே வாங்குங்கள். குலை வெட்டிய ஓரிரு நாளுக்குள் பட்டையை உரித்துவிட வேண்டும். தாமதித்தால் நார் பழுப்பேறி விலை இறங்கும். எடுத்த நாரை உடனே அலசி நிழலில் உலர்த்துங்கள். மரத்தின் சாறு துணியில் பட்டால் கறை போகாது, வேலைக்கென்று பழைய சேலை ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

நூறு கிலோவில் ஒரு கிலோ நார் என்றால், மற்ற தொண்ணூற்றொன்பது கிலோவுக்கும் வழி சொல்லாத திட்டம் நிற்காது. அதைத் தோட்டத்தில் குவித்துவிட்டு வந்தால், மரம் கிடந்து அழுகிய இடத்தில் இப்போது சக்கை கிடந்து அழுகும். சக்கையைச் சாணத்தோடு கலந்து சில நாள் ஆறவிட்டு மண்புழு உரத்துக்குக் கொடுங்கள். சாம்பல் சத்து மிகுந்த மரம் என்பதால் உரம் நன்றாக வரும், அதை அதே தோட்டக்காரருக்கு விற்கலாம். நடுவில் இருக்கும் தண்டைப் பட்டையோடு சேர்த்து நசுக்கிவிடாமல் தனியே எடுத்துச் சந்தைக்கு அனுப்புங்கள்.

நாரை யார் வாங்குவார் என்பது அடுத்த கேள்வி. சென்னையை அடுத்த அனகாபுத்தூரில் வாழைநாரைக் கலந்து சேலை நெய்யும் நெசவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் சேலைக்கு வேண்டிய மெல்லிய இழைக்குத் தேர்ந்த கைகள் தேவை. தொடக்கத்தில் உங்களுக்குக் கூடை, தரைவிரிப்பு, கைவினைத் தாள் செய்பவர்களே ஏற்ற வாடிக்கையாளர்கள். திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குழுவில் இருவர் அங்கே போய் இயந்திரம் ஓடுவதைப் பார்த்து, பயிற்சிக்குப் பதிந்துகொள்ளுங்கள். பிறகு யாரிடமாவது இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துச் சில கிலோ நாரை எடுத்து, அந்த மாதிரியோடு கூடை பின்னுபவர்களிடம் போய் விலை கேளுங்கள். அவர்கள் எழுதித் தரும் விலையை நூறு கிலோ பட்டையை வெட்டிச் சுமந்து வரும் கூலியோடு ஒப்பிட்ட பிறகு வங்கிக்குப் போகலாம்.